பெரியவரும் இரண்டு வெள்ளை நாய்களும்

ஜூன் 6, 2025, வெள்ளி

இவருக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. மதியமே ஆபீஸிலிருந்து போன் பண்ணிச் சொன்னார். 11 வருஷமாகக் கோயம்புத்தூரில் உட்கார்ந்து அந்த ஊர்க் கார்களின் எலெக்ட்ரானிக்ஸைத்தான் சோதித்துக்கொண்டிருக்கிறார். இப்போது அங்கேயே வரச்சொல்கிறார்கள், குடும்பத்தோடு. மூன்று வாரத்தில் பதில் சொல்ல வேண்டும்.

நான் ஆறு வருஷமாக டாரோ என்கிற படச் சீட்டை விரித்துப் பலன் பார்க்கிறேன். வீட்டின் முன் அறையில் ஒரு சின்ன மேஜை, ஒரு நீலத் துணி, அவ்வளவுதான் என் கடை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது வெளிநாட்டைப் பற்றித்தான். விசா கிடைக்குமா, எந்த மாதம் கிடைக்கும், குடும்பத்தோடு போகலாமா. நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்: கிடைக்குமா என்ற கேள்விக்கு என் சீட்டில் பதில் இல்லை, தேதியும் சொல்ல மாட்டேன். போனால் நான் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள், உட்கார்ந்து பார்ப்போம். சிலர் எழுந்து போய்விடுவார்கள்.

இன்று ராத்திரி சீட்டுக் கட்டைக் கையில் எடுத்தேன். திருப்பி வைத்துவிட்டேன். மனசு அலைபாயும்போது தனக்குத்தானே பார்த்துக்கொள்ளக் கூடாது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

பார்த்துவிட்டேன். எல்லாரும் தூங்கிய பிறகு.

ஐந்து சீட்டு வைத்தேன். இங்கே இருப்பது, அங்கே கிடைப்பது, விட்டுப்போவது, கூட வருவது, நான் பார்க்க மறுப்பது. முதல் இடத்தில் ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸ்: நெஞ்சோடு ஒரு காசை அணைத்து, தலையில் ஒன்று, காலடியில் இரண்டு என்று அசையாமல் உட்கார்ந்திருக்கிற மனுஷன். இரண்டாவது த்ரீ ஆஃப் பென்டகிள்ஸ், வேலைக்கான சீட்டு. மூன்றாவது டென் ஆஃப் பென்டகிள்ஸ். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அடுத்ததற்குப் போனேன்.

நான்காவது சிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ். ஊர் மாறுவது என்றால் டாரோ பார்க்கிற எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். ஒரு படகு. பின்னால் நின்று ஒருவன் கோல் ஊன்றித் தள்ளுகிறான். முன்னால் முக்காடு போட்ட ஒரு பெண், பக்கத்தில் ஒரு குழந்தை. மூன்று பேரின் முதுகுதான் நமக்குத் தெரியும், ஒரு முகமும் தெரியாது. படகின் ஒரு பக்கம் தண்ணீர் சுழித்துக்கொண்டிருக்கும், மறுபக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும். வருகிறவர்களிடம் அந்த அமைதியான தண்ணீரைத்தான் காட்டுவேன், சந்தோஷமாகப் போவார்கள். இன்றைக்கு எனக்கு வாள்கள்தான் கண்ணில் பட்டன. ஆறும் படகிலேயே செங்குத்தாகக் குத்தி நிற்கின்றன. பிடுங்கினால் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறும். பாரம் என்று தெரிந்தும் அதோடுதான் அக்கரை போக வேண்டும்.

ஐந்தாவது டூ ஆஃப் ஸ்வோர்ட்ஸ். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, இரண்டு வாளை மார்பின் குறுக்கே பிடித்து உட்கார்ந்திருக்கிறாள் ஒருத்தி. நான் பார்க்க மறுக்கிற இடத்தில் வந்த சீட்டு அது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். விளக்கத்துக்கு என்று இன்னொன்று எடுத்தேன். அதற்கு விளக்கமாக இன்னொன்று. நல்லது வந்தபோதும் நம்பவில்லை, கெட்டது வந்தபோதும் நம்பவில்லை. கடைசியில் மேஜையில் 13 சீட்டு கிடந்தது, ஒன்றும் புரியவில்லை. யாராவது என்னிடம் வந்து இப்படி எடுக்கச் சொல்லியிருந்தால் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பேன். வெட்கமாக இருந்தது.

ஜூன் 9, திங்கள்

சாரல். யாருக்கும் சீட்டு பார்க்கவில்லை. வரச்சொல்லியிருந்த இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

ஜூன் 11, புதன்

சீட்டு சொல்ல முடியாதவற்றை நோட்டில் எழுதலாம் என்று இவரோடு உட்கார்ந்தேன்.

ப்ளூ கார்டில், அதாவது படித்தவர்களுக்கான வேலை அனுமதியில், போகிறவரின் மனைவிக்கு முன்கூட்டியே ஜெர்மன் தேர்வு வேண்டியதில்லை. போனதும் நானும் வேலைக்குப் போகலாம். 27 மாதத்தில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கலாம், இவர் பி1 என்கிற நடுத்தர நிலை வரை ஜெர்மன் படித்துவிட்டால் 21 மாதத்திலேயே. பிள்ளைக்கு இந்த 2025-இல் அரசாங்கம் மாதம் 255 யூரோ தருகிறது. இதுவரை எழுதும்போது இவர் முகம் மலர்ந்திருந்தது.

பாப்பா இப்போது நாலாவது. ஸ்டுட்கார்ட் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் நாலாவது முடிந்ததும் பிள்ளைகள் ஜிம்னாசியம், ரியால்ஷூலெ என்று வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிந்துவிடுகிறார்கள். சரியாக அந்த இடத்தில் மொழி தெரியாமல் போய் இறங்குவாள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதலில் மொழி சொல்லித்தரும் ஆயத்த வகுப்பு உண்டு, பிறகு மெல்ல மெல்ல மற்ற பிள்ளைகளோடு சேர்ப்பார்களாம். ஒன்பது வயசுக்காரிக்கு அது முடியாத காரியம் இல்லை. ஆனாலும் வகுப்பில் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை அங்கே சில மாதம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் என்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம் அத்தை. 2024 மார்ச் 1-க்குப் பிறகு அனுமதி வாங்குகிற திறன் பணியாளர்கள் பெற்றோரையும் அழைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் மாறியிருக்கிறது. அதைப் படித்ததும் இவர் துள்ளி எழுந்தார். அடுத்த வரியைப் படித்தேன்: அவர்களுடைய செலவு முழுக்க நம் பொறுப்பு, மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். 71 வயசில், இருபது வருஷச் சர்க்கரையோடு புதிதாகப் போகிறவருக்கு அந்தக் காப்பீடுதான் சிக்கல். பேனாவை மூடி வைத்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அத்தையிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 14, சனி

பள்ளி லீவு. பாப்பா சீட்டுகளைத் தரையில் பரப்பி விளையாடினாள். மூலையில் பாம்பு நெளிகிற மாதிரி ஒரு குறி இருக்கே, என்ன அது என்று கேட்டாள். படம் வரைந்தவரின் கையெழுத்து என்றேன். பமீலா கோல்மன் ஸ்மித். 1909-இல் ஆர்தர் எட்வர்ட் வெய்ட் என்பவர் சொல்லி, லண்டனில் ரைடர் கம்பெனிக்காக வரைந்தது. மொத்தம் 78 சீட்டு; பெரும்பாலானவற்றில் மனுஷர்களும் மரங்களும் தண்ணீருமாக ஒரு கதை தெரிவது அந்தப் பெண்ணின் கைவண்ணம். அதற்கு முன்பெல்லாம் வாள், காசு, கிண்ணம் என்று எண்ணிக்கை போட்ட சின்னச் சீட்டுகளில் பெரும்பாலும் ஆறு வாள் என்றால் வெறும் ஆறு வாள்தான் இருக்கும், படகு கிடையாது.

அவருடைய கதையையும் சொன்னேன். லண்டனில் பிறந்து, மான்செஸ்டரில் வளர்ந்து, சுமார் 11 வயசில் அப்பாவின் வேலைக்காகக் குடும்பத்தோடு ஜமைக்காவுக்குக் கப்பலேறிய பிள்ளை. 15 வயசில் புரூக்ளினுக்குப் படம் படிக்கப் போனார். அம்மா 1896-இல் இறந்துவிட்டார், சில வருஷத்தில் அப்பாவும். பிறகு மறுபடி இங்கிலாந்து. ஜமைக்காவில் கேட்ட கதைகளை அந்த ஊர்ப் பேச்சிலேயே சொல்லிக்காட்டித்தான் லண்டனில் பெயர் வாங்கினார். சீட்டு வரைந்ததற்குக் கிடைத்த பணம் மிகக் கொஞ்சம் என்று ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். 1951-இல் கார்ன்வாலில் கடனோடு இறந்தார். இன்று உலகம் முழுக்க விற்கிற சீட்டு அவருடையது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பாப்பா கேட்டாள்: "அவங்கப்பா ஜமைக்கா போறப்ப அவங்ககிட்டக் கேட்டாரா?"

தெரியலையே கண்ணு என்றேன். அவளிடம் நாங்கள் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒருத்தி உட்கார்ந்து நான்கு பேருக்காகவும் கேட்டிருக்கிறேன், அதுவும் ராத்திரி, திருட்டுத்தனமாக. 13 சீட்டு ஏன் குழம்பாது?

ஜூன் 15, ஞாயிறு

காலையில் இவர் அத்தையிடம் சொல்லிவிட்டார். அத்தை தோசைக் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார். "சம்பளம் நல்லா இருக்குதா சாமி?" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

பொழுதோடு நீலத் துணியை நடு வீட்டில் விரித்தேன். ஆளுக்கு ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு சீட்டு. போகலாமா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது என்றேன்.

பாப்பா, அங்கே யார் எனக்கு முதல் ஃப்ரெண்டு என்று கேட்டாள். பேஜ் ஆஃப் கப்ஸ் வந்தது, கிண்ணத்திலிருந்து மீன் எட்டிப் பார்க்கிற சீட்டு. மீனா என்று சிரிசிரி என்று சிரித்தாள். இவர் கேள்வியை வாய்விட்டுச் சொல்லவில்லை. எய்ட் ஆஃப் கப்ஸ் வந்தது. அடுக்கி வைத்த கிண்ணங்களை விட்டுவிட்டு, தடி ஊன்றி மலைப்பக்கம் நடந்து போகிற மனுஷன். அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விளக்கம் சொல்லவில்லை. புருஷனுக்கு விளக்கம் சொல்லும்போது என் ஆசையும் பயமும் கலந்துவிடும்.

அத்தை இத்தனை வருஷத்தில் சீட்டைத் தொட்டதில்லை. சாமி காரியம் இல்லையே என்பார். இன்று கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கட்டைக் கலைக்காமல், நேராக நடுவிலிருந்து ஒன்றை உருவினார். டென் ஆஃப் பென்டகிள்ஸ். அன்றைக்கு நான் பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்துபோன அதே சீட்டு.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆருங்க அம்மிணி இந்தப் பெரியவரு?"

வீட்டுக்குப் பெரியவர் அத்தை, இது குடும்பச் சொத்து, வம்சம், நிறைவு என்று புத்தகத்தில் இருப்பதைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. விரலை வைத்து ஒவ்வொருவராக எண்ணினார்.

"புருசனும் பொண்டாட்டியும் அவங்க பேச்சுல இருக்கறாங்க. இவரை ஆரும் பாக்கலை. இந்த ரெண்டு நாய்கதான் கிட்ட வந்து நிக்குது. அப்பறம் இந்தக் கொழந்தை, பாரு, ஆத்தாளுக்குப் பொறகால நின்னுட்டு நாயைத் தொடுது." கொஞ்சம் நிறுத்தி, "நல்லா வரைஞ்சிருக்கறா" என்றார்.

எத்தனை நூறு முறை அந்தச் சீட்டைத் திருப்பியிருப்பேன். திராட்சைக் கொத்து போட்ட அங்கியை, கோட்டை வளைவை, பத்துக் காசை எல்லாம் விளக்கியிருக்கிறேன். அந்தப் பெரியவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை ஒருவருக்கும் சொன்னதில்லை. எனக்கே தெரியவில்லை.

அத்தையின் கேள்வி என்னவென்று கேட்டேன். "அது கெடக்குது" என்று எழுந்து, தெருவில் நிற்கும் நாய் கருப்பனுக்குச் சோறு வைக்கப் போய்விட்டார்.

ஜூன் 20, வெள்ளி

அத்தை அன்னூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போகணும் என்றார். நானும் அவரும் மட்டும் பஸ்ஸில் போனோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டுவிட்டு, கோயிலில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பொடியனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். பிரித்தால் வெள்ளை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைன்னா போகலாமா, வேண்டாமா அத்தை என்றேன்.

"உங்களைப் பத்தி நான் எதுக்குக் கேக்கோணும்? போறதுன்னு பையன் மொகத்துலயே எழுதியிருக்குதே. நான் அந்த வூட்டுலயே இருக்கறதா, இங்க வந்து தங்கச்சியோட இருக்கறதான்னு கேட்டேன். வெள்ளை. அங்கயேதான் இருக்கோணும்."

அன்று சீட்டு எடுத்தபோதும் இதே கேள்விதானாம். திரும்பி வரும் வழியில் சின்ன அத்தை வீட்டில் இறங்கினோம். அக்காளும் தங்கையும் திண்ணையில் அரை மணி நேரம் பேசினார்கள். சின்ன அத்தையும் தனியாகத்தான் இருக்கிறார். ஐப்பசியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்றார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அத்தை கேட்டார்: "அங்க கோயில் இருக்குதா அம்மிணி?" ஹம் என்ற ஊரில் இலங்கைத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, 2002-இல் கும்பாபிஷேகம் ஆனது, ஸ்டுட்கார்ட்டிலிருந்து தூரம்தான் என்றேன். "தூரமா இருந்தா என்ன, அன்னூரு மட்டும் பக்கமா?" என்றார்.

ஜூன் 25, புதன்

சம்மதம் என்று இவர் பதில் அனுப்பிவிட்டார். அக்டோபரில் அவர் மட்டும் போகிறார். பாப்பா இங்கே நாலாவதை முடிக்கட்டும். அங்கே செப்டம்பரில் பள்ளி திறக்கும், அடுத்த வருஷம் அதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும். கோவை கோதே சென்டரில் எனக்கும் அவளுக்கும் ஜெர்மன் வகுப்பு விசாரித்திருக்கிறேன்.

காலையில் அத்தையின் மாத்திரை டப்பாவை நிரப்பத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் அந்தச் சீட்டைச் செருகி வைத்திருக்கிறார், பெரியவரும் நாய்களும் மேலே தெரிகிற மாதிரி. என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மெட்ஃபார்மினைக் காலைக்கும் ராத்திரிக்கும் பிரித்துப் போட்டு மூடினேன்.

77 சீட்டை வைத்து யாருக்கும் பார்க்க முடியாது. புதுக் கட்டுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரும்.