வேலை கொடுத்தால் ஓடும், சும்மா விட்டால் நிற்கும்

எங்கள் வீட்டு மேசைக் கணினி திடீர் திடீரென்று உறைந்து (ஹேங்) நின்றதையும் அதன் காரணத்தைத் தேடிப் பிடித்ததையும் பற்றியது இது. மெஷின் விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3, எச்81 போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ராம். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி மாட்டியிருக்கிறோம். பிராண்டு பெயர் வேண்டாம். விண்டோஸ் 11-க்கான பட்டியலில், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசசர்களுக்கு இடமில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் அந்தப் பேச்சாகவே இருந்தபோது எங்களுக்குக் கவலை இல்லை, இதில் ரொம்ப நாளாக லினக்ஸ் வகையான உபுண்டு 22.04. ஐப்பசிக் கடைசியில் அதை 24.04-க்கு ஏற்றினேன். ஏற்றம் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. வினை அதற்கப்புறம்.

இந்தக் கம்ப்யூட்டரில் முக்கால்வாசி வேலை அப்பச்சியுடையது (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்). எங்கள் ஐயாவின் (தாத்தாவின்) அப்பச்சி பர்மாவில் கடை வைத்திருந்த காலத்துப் பேரேடுகளும் ஐந்தொகை (வரவு, செலவு, இருப்பு முடிப்புக் கணக்கு) கட்டுகளும் பள்ளத்தூர் வீட்டில் இரண்டாம் கட்டு அறையில் ஒரு மரப்பெட்டிக்குள் கிடந்தன. ராமபாணப் பூச்சி தின்றது போக மிச்சத்தை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு பக்கமாகத் திரையில் வைத்துக்கொண்டு கணக்கை லிப்ரே ஆபீஸில் ஏற்றுகிறார். எல்லாம் பழைய தமிழ் எண்கள். ௰ (10), ௱ (100), ௲ (1000) பழகிவிட்டால் முழு எண்களை ஓடவிட்டுப் படிக்கலாம். பின்னங்கள்தான் ஆளை உட்கார வைக்கும். மாகாணி 1/16, காணி 1/80, முந்திரி 1/320. மூன்றுக்கும் தனித்தனிக் குறி, அதிலும் எழுதிய கணக்கப்பிள்ளையின் கை அவசரத்தில் ஒன்று இன்னொன்றாகத் தெரியும். ஒரு குறியை முடிவு செய்ய அப்பச்சி கண்ணாடியைக் கழற்றி மாட்டி, மௌஸைத் தொடாமல் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருப்பார். இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், துப்பு இதில்தான் கிடைத்தது.

கார்த்திகை, முதல் வாரம்

"ஏம்ப்பா, மறுபடியும் மலைச்சுப்போயி நிக்குது, வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். மௌஸ் அம்புக்குறி நகர்கிறது, எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை. மேலே கடிகாரம் நின்றுவிட்டது. சில சமயம் அரை நிமிஷம் போல நின்றுவிட்டுத் தானாகவே உயிர் வரும். சில சமயம் வரவே வராது, பவர் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டியதுதான்.

முதல் வேலை, ஸ்கேன் பக்கங்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்தது. இப்படி ஹேங் ஆகிற மெஷினில் மற்ற சோதனை எதையும் தொடங்குமுன் இதைச் செய்துவிட வேண்டும். காகிதம் ஒரு தடவைதான் ஸ்கேனரைத் தாங்கும், இரண்டாம் தடவை உதிர்ந்துவிடும்.

பவர் பட்டனுக்குப் பதிலாக ஒரு மென்மையான வழி உண்டு. ஆல்ட்டும் பிரின்ட் ஸ்கிரீனும் பிடித்துக்கொண்டு ஆர், இ, ஐ, எஸ், யு, பி என்று வரிசையாக அழுத்தச் சொல்வார்கள். உபுண்டுவில் இந்த வசதிக்கு இயல்பாக வைத்திருக்கும் மதிப்பு 176. அதாவது 16, 32, 128 மூன்றின் கூட்டு. எஸ் (எழுதாமல் நிற்பதை டிஸ்க்கில் எழுது), யு (டிஸ்க்கைப் 'படிக்க மட்டும்' ஆக்கு), பி (ரீபூட் செய்) மூன்றுக்கு மட்டும் அனுமதி. முதல் மூன்று எழுத்துகளை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. கேப்ஸ் லாக் விளக்கையும் பாருங்கள். அழுத்தினால் எரிந்து அணைகிறது என்றால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உயிரோடு இருக்கிறது, வேறெதற்கோ காத்துக்கிடக்கிறது. எங்கள் மெஷினில் விளக்கு எரிந்தது.

காரைக்குடி

ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன். "அண்ணே, பழைய போர்டுண்ணே, கெபாசிட்டர் போயிருக்கும். இல்லைன்னா ஃபார்மட் அடிச்சு வேற ஓ.எஸ். போட்டுடலாம்" என்றார் அந்தத் தம்பி. அவர் மேஜையில் ஒரு மணி நேரம் வீடியோ ஓடவிட்டுப் பார்த்தார், ஜம்மென்று ஓடியது. "இங்க நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால் வீட்டிலும் அது நல்லாத்தான் இருக்கும். ஃபார்மட் யோசனையில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. காரணம் தெரியாமல் துடைத்துவிட்டு அதே கெர்னலை மறுபடி போட்டால் அதே நோய் புது வீட்டில் குடியேறும், தடயமும் போய்விடும்.

தள்ளுபடி செய்தவை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இவற்றில் சுவாரசியம் குறைவு. ராமை மெம்டெஸ்ட்86+ போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. ஹீட் சிங்க்கில் ஒட்டடையும் சுண்ணாம்புத் தூசியுமாகக் கம்பளி போலப் படிந்திருந்தது. துடைத்துத் தெர்மல் பேஸ்ட் மாற்றியதில் சூடு இறங்கியது, ஹேங் அப்படியே இருந்தது. உள்நுழையும் திரையில் பற்சக்கரத்தைத் தொட்டு, திரையை வரையும் முறையாக வேலேண்டுக்குப் பதில் எக்ஸ்ஆர்க் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. எஸ்எஸ்டி தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 5-ஆம் எண்ணான இடம் மாற்றிய செக்டர்கள் பூஜ்யம், 199-ஆம் எண்ணான சிஆர்சி பிழையும் ஏறவில்லை. சாட்டா கேபிள் சரியில்லை என்றால் பெரும்பாலும் அந்த 199 ஏறிக்கொண்டே போகும். ஏறாவிட்டாலும் கேபிளை மாற்றினேன், விலை ஒரு மதியச் சாப்பாட்டுக்குள்தானே.

வயரிங் விஷயம் தனி. கேபினெட்டைத் தொட்டால் விறுவிறுவென்று ஒரு சுரீர். டெஸ்டர் வைத்தால் மினுக்கென்று எரிந்தது. பழைய வீடு, அந்த அறையின் மூன்று பின் ப்ளக்கில் எர்த் துளை பேருக்குத்தான், பின்னால் கம்பியே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) மின் இரைச்சலை வடிக்கும் சிறு கெபாசிட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் எர்த்துக்குப் போகும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டில் மெயின்ஸில் பாதி வோல்ட் மிதந்துகொண்டு நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுத்தாயிற்று. சுரீர் நின்றது, ஹேங் நிற்கவில்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் இந்தச் சுரீர் இருந்தால் கம்ப்யூட்டரை அப்புறம் பாருங்கள், எர்த்தை இப்போதே பாருங்கள்.

பழைய கெர்னல்

கம்ப்யூட்டர் தொடங்கும்போது எஸ்கேப் தட்டினால், எந்தக் கெர்னலில் தொடங்கலாம் என்று கேட்கும் க்ரப் மெனு வரும். பழைய பயாஸ் முறை என்றால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதில் கூடுதல் தேர்வுகளுக்குள் போனால் 22.04 காலத்து 6.8 கெர்னல் இன்னும் இருந்தது. புதிது 6.14. 6.8-ல் பூட் செய்து அப்பச்சியிடம் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தேன். ஹேங் இல்லை. திரும்ப 6.14, அன்று மதியமே நின்றது.

ஆக, மெஷின் சாகவில்லை. அதே 24.04, அதே புரோகிராம்கள், கெர்னல் மட்டும் வேறு. 24.04-ன் அடிப்படைக் கெர்னலே 6.8 என்பதால் இங்கேயே நிறுத்திக்கொண்டு 6.8-லேயே முறைப்படி இருந்துவிடலாம், அதற்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். அவசரமாக வேலை நடக்க வேண்டியவர்களுக்கு அது போதும். எனக்கு அரிப்பு அடங்கவில்லை.

லாகில் ஏன் ஒன்றுமே இல்லை

ரீபூட் செய்து முந்தைய பூட்டின் லாகை ஜர்னல்சிடிஎல்லில் திறந்தால், ஹேங் ஆன நேரத்துக்குச் சற்று முன்பே பதிவு நின்றுவிடுகிறது. பிழைச் செய்தி ஒன்றும் கிடையாது. முதலில் இது எரிச்சலாக இருந்தது. பிறகுதான் உறைத்தது: லாக் எழுதப்படுவது எஸ்எஸ்டியில். எஸ்எஸ்டியே வாயடைத்துப் போயிருந்தால் அதைப் பற்றிய புகாரை எங்கே எழுதுவது? மௌஸ் நகர்கிறது, கேப்ஸ் லாக் எரிகிறது, புதிதாக எதுவும் திறக்கவில்லை என்பதும் இதோடு சேர்ந்தது. நினைவகத்தில் இருப்பது ஓடுகிறது, டிஸ்க்கிலிருந்து வர வேண்டியது வரவில்லை.

சரிபார்க்க 24.04-ஐ யுஎஸ்பியிலிருந்து லைவாக பூட் செய்து, எஸ்எஸ்டியை மவுண்ட் செய்யாமல், ராத்திரி சும்மா விட்டேன். காலையில் தெளிவாக இருந்தது.

அடுத்து, புகாரை வேறு இடத்தில் எழுதவைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வெளியிலிருந்து உள்ளே நுழைய வழிவிடும் ஓபன்எஸ்எஸ்எச் சர்வர் போட்டு, என் போனில் டெர்மக்ஸ் செயலி வழியாக உள்ளே போய், கெர்னல் செய்திகளைத் தொடர்ந்து காட்டும் டிமெசேஜ் கட்டளையை ஓடவிட்டு, போனைச் சார்ஜரில் போட்டு மேஜை ஓரத்தில் சாய்த்து வைத்தேன். அப்பச்சி ஒரு பேரேட்டுப் பக்கத்தைத் திறந்து காணியா முந்திரியா என்று பார்க்கத் தொடங்கினார். நான் முகப்பில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல்: "வந்திருச்சுப்பா!" ஹேங் ஆனதற்கு அவர் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

போன் திரையில் இருந்த வரிகள்: ஏடிஏ1 (எஸ்எஸ்டி மாட்டியிருக்கும் சாட்டா இணைப்பு) என்று தொடங்கி ஒரு எக்ஸெப்ஷன், கடைசியில் 'ஃப்ரோஸன்' என்ற சொல். கீழே 'ஃபெயில்டு கமாண்ட்: ரைட் எஃப்பிடிஎம்ஏ க்யூடு', அதாவது டிஸ்க்கில் எழுதச் சொன்ன கட்டளை தோற்றது. அதன் கீழே 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்', அதாவது இணைப்பை அணைத்து மறுபடி தொடங்குகிறது. லிங்க் திரும்ப எழுந்தால் அந்த அரை நிமிஷ ஹேங்கோடு போய்விடும். டிஸ்க் பதில் சொல்ல லினக்ஸ் கொடுக்கும் வழக்கமான கெடு 30 விநாடி. எழாவிட்டால் ரீசெட் திரும்பத் திரும்ப ஓடி, கடைசியில் கோப்பு அமைப்பு 'படிக்க மட்டும்' நிலைக்குப் போய்விடும். பவர் பட்டன் கேஸ் அதுதான்.

காரணம்

சாட்டா இணைப்புக்குத் தூக்க நிலைகள் உண்டு. பார்ஷியல் என்பது கண்ணயர்வு, 10 மைக்ரோ விநாடிக்குள் எழ வேண்டும். ஸ்லம்பர் ஆழ்ந்த உறக்கம், 10 மில்லி விநாடிக்குள் எழ வேண்டும். எப்போது தூங்கவிடலாம் என்பதைக் கெர்னல் ஒரு கொள்கையாக வைத்திருக்கிறது. முன்பெல்லாம் இந்த மின்சேமிப்பை லேப்டாப் வகைச் சிப்செட்டுகளுக்கு மட்டுமே தானாகப் போடும். 2024 மே மாதம் வந்த 6.9 கெர்னலில் அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டார்கள், மேசைக் கணினிகளுக்கும் பொருந்தும்படி ஆனது. நாங்கள் தாண்டியது சரியாக அந்தக் கோட்டை: 6.8-லிருந்து 6.14.

மாற்றத்தில் தப்பில்லை, விதிப்படி எழுகிற டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது. சில மலிவு எஸ்எஸ்டிகளின் ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள் இருக்கும் மென்பொருள்) மட்டும் மதியம் உண்டுவிட்டு வளவில் சாய்ந்த ஆள் மாதிரி, கூப்பிட்டால் எழுந்திருப்பதில்லை. அப்படித் தெரிந்த மாடல்களுக்கு 'இதைத் தூங்கவிடாதே' என்று கெர்னலுக்குள்ளேயே ஒரு பட்டியல் இருக்கிறது. எங்கள் மாடல் அதில் இல்லை.

இதனால்தான் ஸ்கேன் ஓடும்போதும் வீடியோ ஓடும்போதும் ஹேங் வருவதில்லை. டிஸ்க்குக்குத் தூங்க நேரமே கிடைக்காது. அப்பச்சி முந்திரியைப் பார்த்து யோசிக்கும் அந்த நேரம்தான் அதற்குத் தோது.

செய்தது

சிஸ் கோப்பகத்தில் ஸ்கஸி ஹோஸ்ட் ஒவ்வொன்றுக்கும் லிங்க் பவர் மேனேஜ்மென்ட் பாலிசி என்று ஒரு கோப்பு இருக்கும். திறந்து பார்த்தால் 'மெட் பவர் வித் டிஐபிஎம்' என்று, அதாவது தூங்கவிடும் கொள்கையாக, இருந்தது. அதில் 'மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்' (தூங்கவிடாதே) என்று எழுதினால் உடனே அமலாகும், ரீபூட் செய்தால் போய்விடும். சோதனைக்கு இதுவே வசதி. மாற்றியபின் போன் திரையில் ஏடிஏ வரி ஒன்றுகூட வரவில்லை. அதோடு விடாமல், பழைய மதிப்பையே வேண்டுமென்று திரும்ப எழுதிவிட்டுக் காத்திருந்தேன். ஹேங் வந்தது. மறுபடி மாற்றினேன், போனது. இந்தத் திருப்பிப் பார்க்கும் வேலையைச் செய்யாமல் 'சரியாயிடுச்சு' என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. கேபிளையும் பேஸ்ட்டையும் எர்த்தையும் மாற்றியிருக்கும்போது எதனால் சரியானது என்று யார் கண்டது?

நிரந்தரமாக்க, ஈடிசி கோப்பகத்தில் டீஃபால்ட் என்பதற்குள் இருக்கும் க்ரப் கோப்பைத் திறந்து, கெர்னலுக்கு அனுப்பும் வரியில் 'ஏஎச்சிஐ புள்ளி மொபைல் எல்பிஎம் பாலிசி' என்ற அளவுருவுக்கு 1 (அதே மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்) கொடுத்து, அப்டேட்-க்ரப் ஓட்ட வேண்டும். சொற்களுக்கு நடுவே அடிக்கோடு. பெயரில் மொபைல் என்று இருந்தாலும் இப்போது மேசைக் கணினிக்கும் அதுதான். லேப்டாப்பில் இப்படிச் செய்தால் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். மேசைக் கணினியில் கரண்டு பில்லில் தெரியக்கூடிய விஷயமே இல்லை.

மார்கழியில் வரும் பிள்ளையார் நோன்புக்கு முந்தின வாரம் போட்டது. தை பிறந்துவிட்டது, இதுவரை ஹேங் இல்லை. அப்பச்சி இரண்டாவது பேரேட்டுக்கு வந்துவிட்டார்.

பாக்கி

எஸ்எஸ்டியின் மாடல் பெயர், ஃபர்ம்வேர் எண், போன் திரையில் வந்த வரிகள் மூன்றையும் சேர்த்துக் கெர்னலின் ஏடிஏ பிரிவைக் கவனிப்பவர்களுக்கு அனுப்பக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். தூங்கவிடக் கூடாத மாடல்களின் அந்தப் பட்டியலில் சேர்ந்தால் இதே டிஸ்க் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு என் அளவுரு தேவைப்படாது. அடுத்து ஏற்ற வேண்டியது 2026 ஏப்ரலுக்குரிய உபுண்டு 26.04. ஏற்றும்போது, க்ரப் கோப்பு மாற்றப்பட்டிருக்கிறது, எதை வைத்துக்கொள்ளலாம் என்று நடுவில் கேட்கக்கூடும். அங்கே இப்போது இருப்பதையே வைத்துக்கொள் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். என்டர் தட்டிக்கொண்டே போகிற பழக்கமுள்ளவர்கள் அந்தத் திரையில் மட்டும் கையை எடுத்துக்கொள்ளுங்கள்.