ஹெரால்டு எஞ்சினை ஸ்டாண்டில் ஏற்றிய கதை

அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர்க் கொட்டகையில் பல வருஷமாக நின்றது. மெட்ராஸில் செய்த வண்டி. 948 சிசி, நாலு சிலிண்டர். ஸ்டார்ட் ஆகும். சூடேறியதும் ஆயில் விளக்கு எரியும், அடியிலிருந்து டொக் டொக்கென்று சத்தம் வரும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் தாங்குகிற பேரிங்கைப் பார்த்தே ஆக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் எஞ்சினை இறக்கினால் பழைய டயர் மேல் படுக்கப் போட்டுத்தான் வேலை பார்ப்பார்கள். புரட்ட இரண்டு ஆள் வேண்டும், ஒவ்வொரு புரட்டுக்கும் மண் ஒட்டும். பேரிங் வேலைக்கு மண்தான் எமன். அதனால், எஞ்சினைப் பின்பக்கமாகப் பிடித்துத் தொங்கவிட்டு வேண்டியபடி சுற்றுகிற சக்கர ஸ்டாண்ட் இல்லாமல் தொடுவதில்லை என்று இருந்தேன். நெல் அறுக்கும் மிஷினுக்கு வேலை செய்கிற வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தேன். மூன்று சக்கரம் போதும் என்றார்கள். நான் நாலு கேட்டு வாங்கினேன். எஞ்சின் ஒரு பக்கமாகத் தொங்கப் போகிறது, மூன்று சக்கரத்தில் பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

பங்குனி மாதம், அறுப்பு முடிந்து சிமெண்டுக் களம் காலி. வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு போனோம். சாணி மெழுகிய கொட்டகைத் தரையில் சின்னச் சக்கரம் புதைந்துவிடும். போர் மோட்டார் தூக்குகிற இரும்பு முக்காலியும் செயின் பிளாக்கும் ஊரிலேயே கிடைத்தன. ஹெரால்டில் பானட் முழுசாக முன்னால் சாயும். அதையும் கழற்றி வைத்துவிட்டால் எஞ்சின் திறந்த வெளியில் நிற்கிற மாதிரிதான். கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, எஞ்சினை மட்டும் வெளியே எடுத்தோம். எங்கள் டிராக்டர் மெக்கானிக் அண்ணன் கூட இருந்ததால் அது ஒரு மணி நேர வேலை.

நேரம் தின்றது அதற்குப் பிறகுதான். கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் கழற்றியதும் எஞ்சினின் இரும்பு உடலான பிளாக்கின் பின்னால் ஒரு தகடு தெரிந்தது. கியர்பாக்ஸ் போல்ட் ஓட்டைகளில் சில அந்தத் தகட்டின் ஓரத்தில் இருக்கின்றன, பின்னால் பிளாக் இல்லை. அதில் ஸ்டாண்டின் கையை மாட்டினால் மொத்தப் பாரமும் தகட்டில் இறங்கி வளைத்துவிடும். தகட்டைக் கழற்றிவிட்டு, பிளாக்கிலேயே இருக்கிற ஓட்டைகளில் மாட்ட முடிவு செய்தோம்.

கடையில் வாங்கி வந்த எட்டு எம்எம் போல்ட் முதல் இரண்டு சுற்று சுகமாகப் போனது. மூன்றாவதில் இறுகியது. நான் ஸ்பேனரைப் போடப் போக, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, விடுங்க. இது அங்குல மரை. இரண்டரை நூல் போல்ட் கேளுங்க."

இரண்டரை நூல் என்றால் 5/16 அங்குலம், 7.94 மில்லிமீட்டர். கண்ணுக்கு எட்டு எம்எம் மாதிரியேதான் இருக்கும், ஆனால் மரை இடைவெளி சேராது. ஒரு சுற்று முறுக்கியிருந்தால் அப்பாவின் பிளாக்கில் மரை போயிருக்கும். நினைத்தால் இன்னும் பதறுகிறது. சரியான போல்டுக்காக மறுநாள் கும்பகோணம் போய்வந்தேன். ஓட்டையின் ஆழத்தை ஈர்க்குச்சி விட்டு அளந்து, நகத்தால் கிள்ளி அடையாளம் வைத்து எடுத்துப் போயிருந்தேன். போல்ட் நீளமாக இருந்தால் அடியில் முட்டிக்கொண்டு இறுகிய மாதிரி ஏமாற்றும். குட்டையாக இருந்தால் இரண்டு மூன்று மரையில் முழு எஞ்சினும் தொங்கும். ஸ்டாண்டின் கைக்கும் பிளாக்குக்கும் இடையில் கொடுக்கிற நாலு குழாய்த் துண்டையும் லேத்தில் ஒரே நீளத்துக்குக் கடைந்து வாங்கினேன்.

எஞ்சின் செயினில் தொங்கும்போதே கைகளைத் தளர்வாக மாட்டி, நாலும் உட்கார்ந்த பிறகு இறுக்கினோம். செயினை விரல் விரலாகத் தளர்த்தி, ஸ்டாண்டின் தூண் சாய்கிறதா என்று பார்த்தோம். நின்றது. ஆனால் பூட்டு முள்ளை எடுத்துச் சுற்றியபோது, ஹெட் இருக்கிற மேல்பக்கம் சட்டென்று கவிழ்ந்து கைப்பிடி என் மணிக்கட்டை இழுத்துவிட்டது. கிராங்க் நடுவை, ஸ்டாண்டில் சுழல்கிற குழாயின் நடுவுக்கு நேராக வைத்ததுதான் தப்பு. எஞ்சினின் பாரம் கிராங்குக்கு மேலே இருக்கிறது. திரும்பச் செயினில் பிடித்து, பிளாக் இரண்டு அங்குலம் கீழே வரும்படி கைகளை மாற்றி மாட்டினோம். பிறகு ஒரு கையால் சுற்றினேன். விட்ட இடத்தில் நின்றது.

ஆயிலை முன்பே வடித்திருந்தும், கவிழ்த்தபோது பிளாக்குக்குள் தேங்கியிருந்த துருத்தண்ணீர் செக்கச்செவேலென்று கொட்டியது. பக்கவாட்டு வடிகால் அடைத்துப் போயிருந்தது.

அடியில் ஆயில் நிற்கிற தொட்டியான சம்பைக் கழற்றினோம். மூன்று மெயின் பேரிங் மூடிகளிலும் பஞ்ச் உளியால் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி அடித்துவிட்டு நடு மூடியை எடுத்தேன். உள்ளே சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய பேரிங்கில் பாதிக்கு மேல் செம்பு தெரிந்தது. அண்ணன் கிராங்கை நகத்தால் தடவிப் பார்த்தார். நகம் கோட்டில் மாட்டி நின்றது.

"கிரைண்டிங்தான் தம்பி."

கோடு போகத் தேய்த்து வழவழப்பாக்க, பழைய வேட்டியில் சுற்றி கிராங்கைத் தஞ்சாவூருக்கு அனுப்பியிருக்கிறேன். பிளாக் ஸ்டாண்டில், தார்ப்பாய்க்குள் இருக்கிறது.