உத்தி பிரிக்கத் தெரியாத ஆட்டம்

4 ஜனவரி 2025, சனி

இன்றைக்கு ஆறு ஆட்டம். ஆறும் தோல்வி.

தோற்பது எனக்குப் புதிதில்லை. நாலு வருஷமாக இந்த ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தைப் போனில் ஆடுகிறேன். பாதி ஜெயிப்பேன், பாதி தோற்பேன், சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். இன்று நடந்ததை ஆட்டம் என்றே சொல்ல முடியாது. ஆறில் நான்கு, பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. கடைசி ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவன் எங்கள் கோபுரத்துக்கு அடியிலேயே வந்து நின்று, சாவகாசமாக ஒரு டான்ஸ் போட்டு முடித்துவிட்டுத்தான் என்னை அடித்தான்.

"டேய், இவனுக நம்ம லெவலே இல்லடா. எங்கயோ மேல ஆட வேண்டியவனுக" என்றான் சிவகாசிக்காரன். துபாய்க்காரனுக்கு அப்போது இரவு பதினொன்றுதான். இன்னொன்று ஆடலாம் என்றான். எனக்கு மணி பன்னிரண்டரை, வெளியே வந்துவிட்டேன்.

நாங்கள் மூவரும் பள்ளியில் ஒரே பெஞ்ச். மூன்று பேராகச் சேர்ந்துதான் உள்ளே போவோம். மீதி இரண்டு இடத்தை ஆட்டமே யாரையாவது பிடித்து நிரப்பும்.

ஒரே ஒரு நல்ல விஷயம்: ஒன்றாம் தேதி புது சீசன் தொடங்கியபோது என் கதாபாத்திரத்துக்குத் தங்க இறக்கை ஒன்று வந்திருந்தது. புத்தாண்டு இனாம் போலிருக்கிறது. இறக்கையோடு சாவது கொஞ்சம் கௌரவமாகத்தான் இருக்கிறது.

8 ஜனவரி, புதன்

நான் வேலை பார்ப்பது மதுரையில் ஒரு ஆடிட்டர் அலுவலகம். எதையும் எழுதி வைத்துப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். தேதி, நேரம், எத்தனை நிமிடம், ஜெயமா தோல்வியா, எதிரணியில் சேர்ந்து வந்தவர்கள் எத்தனை பேர்.

முதலில் என் மேலேயே சந்தேகப்பட்டேன். நாணயத்தை 100 முறை சுண்டினால், எங்கோ ஓரிடத்தில் தொடர்ந்து ஐந்து தலை விழுவதற்குப் பத்துக்கு எட்டு வாய்ப்பு உண்டு. சரிக்குச் சரியான ஆட்டங்களே நடந்தாலும் வரிசையாகத் தோற்கும் வாரங்கள் வந்தே தீரும். அதனால் தோல்வி எண்ணிக்கையைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. நான் பார்ப்பது நிமிடக் கணக்கை. சமமான இரண்டு அணி மோதினால் பதினைந்து, இருபது நிமிடம் இழுக்கும். எட்டு நிமிடத்தில் முடிந்தால், தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று, ஒவ்வொருவனின் திறமைப் புள்ளியையும் கூட்டிச் சராசரி போட்டு அணிகளைச் சமன் பார்க்கும் கணக்கு. ஒரு அணியில் ஐந்து பேரும் 1600 என்று வைத்துக்கொள்வோம். எதிரே ஒருவன் 2400, மீதி நான்கு பேரும் 1400. கூட்டி ஐந்தால் வகுத்தால் இங்கேயும் 1600, அங்கேயும் 1600. தாளில் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகிவிட்டது. ஆடிப் பார்த்தால் அந்த 2400 மற்ற ஒன்பது பேரையும் பந்தாடிக்கொண்டிருப்பான், அவன் அணியின் நாலு பேர் உட்பட. அந்த நாலு பேருக்கும் அது ஆட்டமில்லைதான். ஜெயித்தவர்கள் புகார் செய்வதில்லை, அவ்வளவுதான்.

இப்படி மேலே இருக்க வேண்டியவன் புதுக் கணக்கு திறந்து கீழே வந்து ஆடுவதற்கு ஸ்மர்ஃப் என்று பேர். 1990களில் வார்கிராஃப்ட் 2 ஆடிய கில்லாடிகள் இருவர், பேரைப் பார்த்தாலே எதிராளி ஓடிவிடுகிறான் என்று, ஸ்மர்ஃப் என்கிற நீலக் குள்ளர் கார்ட்டூன் பேரை வைத்துக்கொண்டு ஆடியதிலிருந்து வந்தது என்பார்கள். முப்பது வருஷப் பழைய திருட்டுத்தனம்.

11 ஜனவரி, சனி

ஜிஎஸ்டிஆர்-1 என்னும் ஜிஎஸ்டி விற்பனைக் கணக்குக்கான கெடுவை இன்றிலிருந்து 13-க்குத் தள்ளிவிட்டார்கள். நிம்மதியாக நாலு ஆட்டம். 9, 7, 8, 21 நிமிடம். அந்த 21-இலும் தோல்விதான், ஆனாலும் அதற்கப்புறம் நன்றாகத் தூக்கம் வந்தது.

எட்டு நிமிட ஆட்டத்தில், முன்பின் தெரியாத அணிக்காரன் ஒருவன் எனக்குத் தமிழிலேயே எழுதினான்: "மாமா நீங்க போய் தூங்குங்க". என் வயது இவனுக்கு எப்படித் தெரிந்தது?

15 ஜனவரி, புதன், மாட்டுப் பொங்கல்

ஊருக்கு வந்திருக்கிறேன். கோவில்பட்டியிலிருந்து முக்கால் மணி நேரம் உள்ளே. மொட்டை மாடியில் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் கிடைக்கும்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அக்கா மகனிடம் என் நோட்டைக் காட்டிப் புலம்பிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது படிக்கிறான். 34 ஆட்டம், 9 ஜெயம், 25 தோல்வி, 25-இல் 17 பத்து நிமிடத்துக்குள். மின்னலாகப் பக்கத்தைப் புரட்டினான். அப்புறம் தலையைச் சொறிந்தான்.

"மாமா, அது வந்து... லீவுல நான் கொஞ்சம் ஆடுனேன்."

"எதுல?"

"உங்க ஐடிலதான். பழைய டேப்ல லாகின் ஆகியே இருந்துச்சு."

அரையாண்டு விடுமுறைக்கு எங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்தான். டேப்பில் கார்ட்டூன் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய ஆட்டப் பட்டியலை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்: டிசம்பர் 24 முதல் 31 வரை 58 ஆட்டம், 49 ஜெயம். ஒன்றாம் தேதி சீசன் மாறியதும் எல்லாருடைய தரத்தைக் காட்டும் பதக்கமும் கீழே இறங்கிவிட்டதால் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஆள் சேர்ப்பதற்கு ஆட்டம் பார்ப்பது பதக்கத்தை அல்ல, உள்ளே மறைத்து வைத்திருக்கும் வேறொரு எண்ணை. அது சீசன் மாறியதற்காக எதையும் மறந்துவிடவில்லை.

தங்க இறக்கை புத்தாண்டு இனாம் இல்லை. போன சீசனில் அந்த உயரத்தைத் தொட்டவர்களுக்குக் கொடுத்தது.

பத்து நாளாக நான் திட்டிய "தப்பான ஆள்" நானேதான். நாங்கள் மூவராகச் சேர்ந்து போவதால், என் எண்ணைப் பார்த்து அந்த இருவரையும் சேர்த்துக் கசாப்புக் கடைக்கு அனுப்பியிருக்கிறது. மாடி மூலைக்குப் போய் குரூப்பில் சொன்னேன். சிவகாசிக்காரன் பதிலே போடவில்லை. துபாய்க்காரன் போட்டான்: "உப்புக்குச் சப்பாணிக்கு ரெக்கை ஒண்ணுதான் கொறச்சல்."

16 ஜனவரி, வியாழன்

சாயங்காலம் பொட்டலில் பையன்கள் கபடிக்குக் கூடினார்கள். ஆள் குறைகிறது என்று என்னையும் இழுத்துவிட்டார்கள். உத்தி பிரித்தார்கள். இருபது வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: இரண்டு தலைவர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்துகொள்வார்கள். மற்றவர்கள், தனக்குச் சமமான ஒருத்தனைத் தானே தேடிப் பிடித்து, தோளில் கை போட்டுத் தள்ளிப் போய், ரகசியமாக ஆளுக்கொரு பேர் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். எங்கள் காலத்தில் தங்க ஊஞ்சல், வெள்ளி ஊஞ்சல். இப்போது "ஐபோன் வேணுமா, புல்லட் வேணுமா?" ஒரு தலைவன் புல்லட் என்றால், புல்லட் அந்தப் பக்கம், ஐபோன் இந்தப் பக்கம். யார் எது என்று தலைவனுக்குத் தெரியாது. கண்ணடித்துக் காட்டிவிடக் கூடாதென்று ஒரு வாண்டு இரண்டு தலைவர்களையும் வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார வைத்தான்.

யோசித்துப் பார்த்தால் இதில் சராசரியே கிடையாது. ஜோடி ஜோடியாகச் சமன் செய்கிறார்கள். நல்ல ரைடர் இங்கே ஒருவன் என்றால் அங்கேயும் ஒருவன். நோஞ்சான் அங்கே ஒருவன் என்றால் இங்கேயும் ஒருவன். முக்கியமாக, எவன் எவனுக்குச் சமம் என்பது கூட்டத்துக்கே தெரியும். பொருந்தாத ஜோடி கிளம்பினால், "ஏய், இவன் எங்கே அவன் எங்கே, செல்லாது" என்று சத்தம் வந்துவிடும்.

என்னோடு ஜோடி சேர யாரும் வரவில்லை. கடைசியில் ஏழாவது படிக்கும் ஒருத்தன் என் தொப்பையை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "வாங்க மாமா, உங்களுக்கு நான்தான் சரி" என்று தோளுக்கு எட்டாமல் இடுப்பில் கை போட்டான். மூன்று தடவை பாடிப் போனேன், மூன்று தடவையும் பிடிபட்டேன். அவன் இரண்டு. மதிப்பீடு கிட்டத்தட்ட சரி.

20 ஜனவரி, திங்கள்

மதுரை. எண் எப்போது இறங்கும் என்பதுதான் இப்போது எங்கள் கவலை. ஆளைப் பற்றிய மதிப்பு மட்டும் போதாது, அந்த மதிப்பில் தனக்கு எவ்வளவு சந்தேகம் என்பதையும் கூடவே வைத்துக்கொள்ளும் முறைகள் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2005-இல் எக்ஸ்பாக்ஸுக்குக் கொண்டுவந்த ட்ரூஸ்கில் அப்படிப்பட்டது: புதிதாக வருபவனுக்கு மதிப்பு 25, சந்தேகம் 8.33. ஆட ஆடச் சந்தேகம் சுருங்கும். சந்தேகம் சிறுத்த பழைய ஆளின் மதிப்பு சட்டென்று நகராது. நான் ஆடும் ஆட்டத்தில் என்ன சூத்திரம் என்று வெளியே சொல்வதில்லை. நாலு வருஷக் கணக்கு என்பதால் என்னைப் பற்றி அதற்குச் சந்தேகமே இருக்காது என்று நினைக்கிறேன். என் மனைவிக்கே இருக்கிறது.

ஆட்டக் கம்பெனிகள் வேண்டுமென்றேதான் பொருந்தாத ஆளைக் கோக்கிறார்கள் என்று சிவகாசிக்காரன் கோபம் தணிந்து ஒரு "ஆதாரம்" அனுப்பினான். கால் ஆஃப் டியூட்டி ஆட்டத்தை வெளியிடும் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்கு 2017 அக்டோபரில் அமெரிக்காவில் கிடைத்த காப்புரிமை. காசு கொடுத்து வாங்கும் ஆயுதம் வைத்திருக்கும் திறமைசாலியோடு கற்றுக்குட்டியைக் கோத்துவிட்டால், கற்றுக்குட்டிக்கும் அதை வாங்க ஆசை வரும் என்கிற யோசனை அதில் இருப்பது உண்மை. எந்த ஆட்டத்திலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் அப்போதே சொன்னது. காப்புரிமை வைத்திருப்பது வேறு, செய்வது வேறு; வவுச்சர் இல்லாமல் நான் எதையும் பாஸ் பண்ண மாட்டேன். அதே நிறுவனம் 2024 ஜூலையில் இன்னொன்றையும் வெளியிட்டது. திறமை பார்த்துச் சேர்ப்பதைத் தளர்த்திச் சோதித்ததில், 90 சதவீத ஆட்டக்காரர்களிடையே திரும்பி வந்து ஆடுவது குறைந்ததாம். "திறமை பார்த்துச் சேர்க்காதே" என்று சத்தம் போடுகிறவர்கள் பெரும்பாலும் மேல்படியில் இருப்பவர்கள். அவர்களுக்கு வேண்டியது ஆடு, ஆட்டக்காரன் இல்லை.

என் குறை வேறு. இந்த ஆட்டம் ஒருதலையாகத்தான் போகும் என்று ஆள் சேர்க்கும் நேரத்திலேயே கணக்கு சொல்லியிருக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆள் குறைவு, காத்திருக்க வைத்தால் போய்விடுவார்கள் என்று வலையை அகலமாக வீசியிருக்கும். அதைச் சொல்லிவிடலாமே. "இன்று உங்களுக்குப் பத்துக்கு இரண்டுதான்" என்று ஒரு வரி போட்டால் தோற்றாலும் தலையை நிமிர்த்திக்கொண்டு தோற்பேன்.

26 ஜனவரி, ஞாயிறு

அக்காவின் சின்னவளுக்கு இங்கே இரண்டு நாள் ரேபிட் செஸ் போட்டி. அழைத்துப் போவது என் வேலை. 180 பேர். சுவரில் முதல் சுற்றுப் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். இவள் வரிசையில் 131, எதிரே 41. சுவிஸ் முறையில் முதல் சுற்றுக்குப் பட்டியலை நடுவே வெட்டி மேல்பாதியின் முதல் ஆளுக்குக் கீழ்பாதியின் முதல் ஆள் என்று வைப்பார்கள். 1-க்கு 91, 41-க்கு 131. வேண்டுமென்றே செய்யும் ஏற்றத்தாழ்வு! ஆனாலும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எல்லாருக்கும் விதி தெரியும், எதிராளியின் எண் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது.

பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்தாள். "அந்த அண்ணா சூப்பரா ஆடுறாங்க மாமா" என்று தயிர்சாத டப்பாவைத் திறந்தாள். அடுத்த சுற்றில் தோற்றவர்களுக்குத் தோற்றவர்கள். நாலாவது சுற்றுக்குள் அவரவர் இடத்துக்கு வந்துவிட்டார்கள். மொத்தம் ஒன்பதில் நான்கு புள்ளி எடுத்தாள்.

பக்கத்தில் ஒரு பெரியவர், வங்கியில் ஓய்வு பெற்றவர், சுக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவரும் ஆடுகிறார். "எனக்கு 2000 ரேட்டிங்காரனைப் பார்த்துப் பயமில்ல தம்பி. இந்தா, இந்த மாதிரி அரை டிக்கெட்டுகளப் பார்த்துதான் பயம்" என்று சின்னவளைக் காட்டினார். இந்த ரேட்டிங் சூத்திரத்தை எழுதிய ஆர்பாட் எலோ ஒரு இயற்பியல் பேராசிரியர்; 1960-இல் அமெரிக்கச் செஸ் சங்கமும் 1970-இல் உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடேயும் அதை ஏற்றுக்கொண்டன. 400 புள்ளி வித்தியாசம் என்றால் பத்து ஆட்டத்தில் வலியவனுக்கு ஒன்பது புள்ளி கிடைக்க வேண்டும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை மூன்றே மாதத்தில் 300 புள்ளிக்கு வளர்ந்துவிடும், எண் பின்னால் மூச்சு வாங்க ஓடிவரும். அதற்காகத்தான் நீண்ட நேரம் ஆடும் கிளாசிகல் செஸ்ஸில், 2300-க்குக் கீழே இருக்கும் 18 வயதுக்காரர் வரைக்கும் எண்ணை நகர்த்தும் பெருக்கி 40, பெரியவருக்கு 20; அதாவது பிள்ளைகளின் எண் இரண்டு மடங்கு வேகத்தில் நகரும். 2024 மார்ச்சில் ஃபிடே, 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கு ஒரே ஒரு முறை, 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதத்தைக் கூட்டிக் கொடுத்தது. இவருடைய 1500, 1700 ஆனதாம். "ஆகி என்ன, ஒரே வருஷத்துல பிள்ளைங்க தின்னுட்டாங்க" என்று சிரித்தார்.

இவர் தினம் தினம் ஸ்மர்ஃப்களிடம் அடி வாங்குகிறார். ஆனால் அந்த ஸ்மர்ஃப் எதிரே உட்கார்ந்து, கால் தரையில் எட்டாமல் ஆட்டிக்கொண்டு, கை குலுக்கிவிட்டுப் போகிறது. கோபப்பட முடியுமா?

2 பிப்ரவரி, ஞாயிறு

நோட்டு, பொங்கலுக்குப் பின்: 29 ஆட்டம், 10 ஜெயம். சராசரி நேரம் முதல் வாரம் 9 நிமிடம், போன வாரம் 14. எண் இறங்குகிறது என்று நிமிடக் கணக்கை வைத்துத்தான் ஊகிக்கிறேன். டேப்பில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். அக்கா மகனுக்குச் சொந்த ஐடி திறந்து கொடுத்தாயிற்று. அதில் அவன் முதல் இருபது ஆட்டத்தில் யார் யாரைக் கதறவிட்டானோ, கேட்டுக்கொள்ளவில்லை.

இன்றிரவு கடைசி ஆட்டம் 24 நிமிடம் போனது. இரு பக்கமும் கடைசிக் கோபுரம் மட்டும் மிச்சம். துபாய்க்காரன் கத்திய கத்தலில் அவன் ரூம்மேட் எழுந்துவிட்டான். நான் இறக்கையை விரித்துக்கொண்டு தப்பான பக்கம் ஓடினேன், தோற்றோம்.

மைக்கில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் சிவகாசிக்காரன்:

"இன்னொண்ணு?"