ஜூம் போடறதுக்கு முன்னாடி எங்க போய் நிக்கணும்னு முடிவு பண்ணுங்க

வீடியோ எடிட்டிங்ல கீஃப்ரேம் (இந்த நேரத்துல படம் இந்த அளவுல, இந்த இடத்துல இருக்கணும்னு போடற குறி) போடக் கத்துக்கிட்ட புதுசுல ஒருத்தரோட டைம்லைனை, அதாவது க்ளிப்பையெல்லாம் வரிசையா அடுக்கற இடத்தை, திறந்து பாத்தீங்கன்னா ஒரு க்ளிப்கூட சும்மா நிக்காது. ஒண்ணு உள்ள போகும், ஒண்ணு வெளிய வரும், அடுத்தது இடப்பக்கத்துல இருந்து வலப்பக்கம் நகரும், பாக்கறவங்களுக்கு எதைப் பாக்கறதுன்னே தெரியாது. ஜூம், பேன் (படத்தைப் பக்கவாட்டுல நகர்த்தறது) ரெண்டுமே "இங்க பாரு"ன்னு சொல்ற வேலைதான். எங்க பாக்கணும்னு நமக்கே தெரியலைன்னா அந்த க்ளிப்பை நகர்த்தாம விட்டுடறதுதான் நல்லது.

அதனால நான் எப்பவும் கடைசி ஃப்ரேம்ல இருந்துதான் வேலையை ஆரம்பிப்பேன். உதாரணத்துக்கு ஒரு பழைய குரூப் ஃபோட்டோ வச்சுக்கோங்க, மூணு வரிசையா நிறைய பேர் நிக்கறாங்க, நம்ம கதை பின் வரிசையில ஓரமா நிக்கற ஒரு பையனைப் பத்தினது. ப்ளேஹெட்டை (டைம்லைன்ல ஓடற கோடு) க்ளிப்போட முடிவுக்குக் கொண்டுபோய், அந்தப் பையனோட முகமும் தோளும் வர்ற மாதிரி, தலைக்கு மேல கொஞ்சம் இடம் விட்டு, பக்கத்துல நிக்கறவரோட முகம் பாதியா வெட்டுப்படாம ஸ்கேலும் (படத்தோட அளவு, பர்சென்ட்ல) பொசிஷனும் (படம் இருக்கற இடம்) செட் பண்ணிக் கீஃப்ரேம் போட்டுடுவேன். அப்புறம்தான் முன்னாடி வந்து ஆரம்பத்தை முடிவு பண்றது. பெரும்பாலும் முழு ஃபோட்டோவும் ஒரு செகண்ட் அசையாம நிக்கும், அப்புறம் மெதுவா உள்ள போகும், முடிஞ்ச இடத்துலயும் ஒரு செகண்ட் நிக்கும். இந்த நிக்கறதுதான் முக்கியம், ஓடிக்கிட்டே இருக்கும்போது கட் பண்ணா அடுத்த ஷாட் மொக்கையா இடிக்கும்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்க. பையன் முகத்துல ஆரம்பிச்சு வெளிய வந்தா கதையே மாறிடும். உள்ள போனா "இவன்தான்"னு அர்த்தம், வெளிய வந்தா "இத்தனை பேர்ல இவனும் ஒருத்தன்"னு அர்த்தம். ஃபோட்டோ அதேதான், கீஃப்ரேம் ரெண்டையும் இடம் மாத்தினது மட்டும்தான்.

ஃபோட்டோவை இப்படி நகர்த்தறதுக்கு கென் பர்ன்ஸ் எஃபெக்ட்னு பேர் வந்தது தெரிஞ்சிருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பத்தி கென் பர்ன்ஸ்ங்கற டைரக்டர் எடுத்த டாக்குமென்டரி சீரிஸ் 1990ல வந்துச்சு, போர் நடந்த காலத்துல வீடியோ ஏது, இருந்ததெல்லாம் ஃபோட்டோவும் கடிதமும்தான், அதை வச்சே மணிக்கணக்கா உக்கார வச்சுட்டார். ஆனா முதல்ல பண்ணது அவர் இல்ல. 1957லயே கனடாவுல 'சிட்டி ஆஃப் கோல்டு'ன்னு ஒரு குறும்படம் இதே மாதிரி பழைய ஃபோட்டோக்களை வச்சுத்தான் எடுத்தாங்க, அதைப் பாத்துக் கத்துக்கிட்டதைப் பர்ன்ஸே சொல்லியிருக்கார். 2003ல ஆப்பிள் தன்னோட எடிட்டிங் சாஃப்ட்வேர் ஐமூவில இந்த எஃபெக்டுக்கு இந்தப் பேரையே வச்சுட்டாங்க, அங்க இருந்துதான் எல்லார் வாய்லயும் இந்தப் பேர். கம்ப்யூட்டர் எடிட்டிங் வர்றதுக்கு முன்னாடியெல்லாம் ஃபோட்டோவை ஒரு மேஜைல வச்சு மேல ஸ்டாண்டுல கேமரா மாட்டி ஒவ்வொரு ஃப்ரேமா நகர்த்தி எடுக்கணும், அத்தனை பாடுபடணும்னா காரணமில்லாம யாரும் ஜூம் பண்ண மாட்டாங்க இல்லையா.

சரி, கணக்குக்கு வருவோம், ஏன்னா நிறைய பேர் மாட்டிக்கறது இங்கதான். 1920க்கு 1080 டைம்லைன்ல 1080 வீடியோவை வச்சு 200 பர்சென்ட்டுக்கு ஜூம் பண்ணா ஒவ்வொரு பிக்சலும் நாலு பிக்சலா இழுபடும், மங்கத்தான் செய்யும். 110, மிஞ்சிப்போனா 120 வரைக்கும் கண்ணுக்குப் பெருசா தெரியாது. 4கே வீடியோவா இருந்தா 3840க்கு 2160, அதாவது அகலத்துல ரெண்டு மடங்கு, அதனால 1080 டைம்லைன்ல ரெண்டு மடங்கு ஜூம் வரைக்கும் ஒண்ணும் குறையாது. பேட்டி எடுக்கறவங்க ஒரே கேமராவை 4கேல ஓட்டிட்டு எடிட்ல ஒரு தடவை வைடா ஒரு தடவை குளோஸா வச்சு ரெண்டு கேமரா மாதிரி காட்டறது இப்படித்தான், நடுவுல பேச்சைக் குறைச்சு வெட்டின இடமும் இதுல மறைஞ்சிடும்.

இதுல ஒரு பொறி இருக்கு. பிரீமியர்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல பெரிய ஃபோட்டோவை ஃப்ரேமுக்குள்ள அடக்க ரொம்ப காலமா ரெண்டு ஆப்ஷன், 'ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ்', 'செட் டு ஃப்ரேம் சைஸ்'. பேரைப் பாத்தா ஒண்ணு மாதிரியே இருக்கும், ஆனா முதலாவது ஃபோட்டோவை டைம்லைன் சைஸுக்கு சுருக்கிட்டு அதை 100னு காட்டும், அதுக்கு மேல ஜூம் பண்ணா ஒரிஜினல்ல இருக்கற டீடெயில் எதுவும் வராது. ரெண்டாவது ஒரிஜினலை அப்படியே வச்சுட்டு ஸ்கேல் நம்பரை மட்டும் குறைக்கும். 1080 டைம்லைன்ல 4000 பிக்சல் அகலத்துல 16க்கு 9 ஃபோட்டோன்னா ஸ்கேல் 48னு வரும், அங்க இருந்து 100 வரைக்கும் தாராளமா போகலாம். ஜூம் பண்ணப்போற ஃபோட்டோவுக்கு ரெண்டாவதுதான். அதே மாதிரி க்ளிப்பை நெஸ்ட் பண்ணிட்டு (அதாவது சீக்வன்ஸ்ங்கற இன்னொரு டைம்லைனுக்குள்ள வச்சுட்டு) நெஸ்ட்டுக்கு மேல ஜூம் போட்டா உள்ள இருக்கற சீக்வன்ஸோட ரெசல்யூஷன்தான் கணக்கு, அது 1080னா 4கேல எடுத்ததெல்லாம் வீண்.

அடுத்தது மூவ்மெண்ட் ஏன் செயற்கையா தெரியுதுங்கறது. வெறும் லீனியர் (மதிப்பு ஒரே சீரா மாறற) கீஃப்ரேம் ரெண்டு போட்டா டக்குனு கிளம்பி டக்குனு நிக்கும், அதுக்கு ஈஸ் இன் ஈஸ் அவுட் (மெதுவா கிளம்பி மெதுவா நிக்க வைக்கறது) போடணும்னு எல்லாரும் சொல்லிடறாங்க. சொல்லாத ஒண்ணு, ஸ்கேல் 100ல இருந்து 300 வரைக்கும் லீனியரா போனா அது ஒரே வேகமா தெரியாது, ஆரம்பத்துல வேகமாவும் போகப்போக மந்தமாவும் தெரியும். 100ல இருந்து 101 ஆகறது ஒரு பர்சென்ட் வளர்ச்சி, 299ல இருந்து 300 ஆகறது அதுல மூணுல ஒரு பங்குதான், கண்ணு பாக்கறது இந்த விகிதத்தைத்தான். பெரிய ஜூமா இருந்தா ஸ்கேல் மதிப்பு எப்படி மாறுதுன்னு காட்டற கிராஃபைத் திறந்து கர்வ் முதல்ல படுத்து கடைசியில ஏறற மாதிரி வளைச்சு விடுங்க, அப்புறம்தான் நிஜமாவே ஒரே வேகத்துல உள்ள போற மாதிரி இருக்கும். சின்ன ஜூமுக்கு இந்த மெனக்கெடல் தேவையில்ல.

ஸ்கேலுக்கு ஒரு ஈஸ், பொசிஷனுக்கு வேற ஈஸ்னு விட்டுட்டாலும் தொல்லைதான். நம்ம பையன் முகம் நேரா நடுவுக்கு வராம முதல்ல ஃப்ரேமோட ஓரத்துக்கு நழுவிட்டு அப்புறம் திரும்பி வரும், பாக்கறவங்களுக்கு என்ன தப்புன்னு சொல்லத் தெரியாது, ஆனா என்னமோ உறுத்தும். ரெண்டுக்கும் ஒரே கர்வ் வைங்க. நடுவுக்குக் கொண்டுவர வேண்டாம் இருக்கற இடத்துலயே பெருசானா போதும்னா ஆங்கர் பாயிண்ட்டை (படம் பெருசாகும்போது நகராம நிக்கற புள்ளி) அந்த முகத்து மேல வச்சுட்டு ஸ்கேல் மட்டும் போடுங்க, பொசிஷன் கீஃப்ரேமே வேண்டாம். பிரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல நிக்க வேண்டிய படம் லேசா முன்ன பின்ன ஆடுதுன்னா பொசிஷனோட ஸ்பேஷியல் இன்டர்போலேஷனை (படம் நகர்ற பாதை நேரா வளைவாங்கறது) லீனியருக்கு மாத்துங்க, ஒரே மதிப்புள்ள ரெண்டு கீஃப்ரேமுக்கு நடுவுலகூட அது வளைவு போட்டுக்கிட்டிருக்கும்.

பேனுக்கு பழைய கேமராமேன்கள்கிட்ட ஒரு ரூல் உண்டு, 24 ஃப்ரேம்ல ஓடற படத்துல ஒரு பொருள் ஃப்ரேமோட ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் போக ஏழு செகண்டாவது ஆகணும்னு. அதுக்கு மேல வேகமா போனா தத்தித் தத்திப் போற மாதிரி தெரியும். கேமராவுல எடுத்த பேன்லயாவது மோஷன் ப்ளர் (நகரும்போது விழற மங்கல்) இருந்து கொஞ்சம் காப்பாத்தும், எடிட்ல பண்ற பேன்ல நாமளா போட்டாத்தான் உண்டு, அதனால இன்னும் மோசமா தெரியும். வேகமா போயே ஆகணும்னா மோஷன் ப்ளர் ஆன் பண்ணிட்டு ஒரேயடியா விசுக்குன்னு போயிடுங்க, நடுத்தர வேகம்தான் கண்ணை உறுத்தறது.

எஃப்எஃப்எம்பெக்ல (கமாண்ட் டைப் பண்ணி வீடியோ வேலை செய்யற சாஃப்ட்வேர்) ஜூம்பேன் ஃபில்டர் யூஸ் பண்றவங்களுக்கு இதுக்கு நேர் எதிர் பிரச்சனை, மெதுவா போற ஜூம் நடுங்கும். அது க்ராப் பண்ற இடத்தை முழு பிக்சலா ரவுண்ட் பண்றதால வர்ற நடுக்கம். ஃபோட்டோவை முதல்ல ஸ்கேல் ஃபில்டர்ல நாலஞ்சு மடங்கு பெருசாக்கிட்டு அப்புறம் ஜூம்பேன் குடுத்தா நடுக்கம் தெரியாத அளவுக்குக் குறைஞ்சிடும், ரெண்டர்தான் கொஞ்சம் இழுக்கும்.

கடைசியா ரீல்ஸுக்காக படுக்கை வீடியோவை நிமித்தறவங்களுக்கு. 1080 வீடியோல 9க்கு 16 வெட்டினா அகலம் வெறும் 607 பிக்சல்தான் மிஞ்சும், அதை 1080க்கு இழுத்தா மங்கும், 4கேல எடுத்திருந்தா 1215 இருக்கும், கவலையில்ல. ரெண்டு பேர் பேசிக்கற ஷாட்ல பேசறவர் மாறும்போதெல்லாம் ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு பேன் போட்டுக்கிட்டே இருக்காதீங்க, நேரா கட் பண்ணுங்க, பேனை யாராவது எழுந்து நடக்கும்போது அவங்க பின்னாடியே போறதுக்கு வச்சுக்கோங்க, அதுலயும் அவங்க போற திசையில முன்னாடி கொஞ்சம் காலி இடம் இருக்கட்டும்.