கை நிறைய முடி

மார்கழியில் எனக்கு டெங்கு வந்து, ஒரு கிழமை வார்டில் கிடந்து தேறினேன். பங்குனி பிறந்ததும் முடி கொட்டத் தொடங்கியது. முழுகும்போதெல்லாம் கை நிறைய வரும். பின்னல் பாதியாகிப் போனது. கிணற்றடியில் ஒருநாள் அழுதே விட்டேன்.

"சவர்த் தண்ணிதான் பிள்ளை" என்றார் மாமி. பரந்தன் பக்கம் எதற்கும் முதலில் கிணற்றைத்தான் சொல்வோம். எண்ணெயை மாற்றினேன், ஷாம்பூவை மாற்றினேன். ஒரு மருந்துக்கடையில் எதுவும் விசாரிக்காமல் பயோட்டின் என்ற விற்றமின் குளிசை தந்தார்கள். அதையும் விழுங்கினேன்.

கடைசியில் கிளிநொச்சியில் தோல் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் தலையைத் தொடும் முன்பே, "மூன்று மாதத்துக்கு முந்தி உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். காய்ச்சல், பிள்ளைப்பேறு, ஒப்பரேஷன், திடீர் மெலிவு, புது மருந்து என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். டெங்கு என்றதும் தலையசைத்தார். கடும் காய்ச்சலில் வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பல ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடுமாம். ஓய்வு முடிந்து அவை உதிர இரண்டு மூன்று மாதம் எடுக்கும். அதனால்தான் நமக்குக் காரணம் மறந்துபோகிறது.

பிறகு வகிட்டைப் பார்த்தார், அகலவில்லை. வட்ட வழுக்கையோ செதிலோ இல்லை. ஐம்பது முடி அளவில் விரல்களுக்கிடையே பிடித்து மெதுவாக இழுத்தார். பத்துக்கு மேல் வந்தது, நுனியில் சின்ன வெள்ளைக் குமிழோடு. சவர்த் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், இடையில் முறியவும் வைக்கலாம்; இப்படி வேரோடு கழற்றாது என்றார். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான் என்றும் சொன்னார்.

இரத்தப் பரிசோதனைக்குத் துண்டு எழுதும்போது, பயோட்டினைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொன்னார். அது தைரொயிட் முடிவைப் பிழையாகக் காட்டுமாம். கடையில் யாரும் இதைச் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது.

தைரொயிட் சரி. ஹீமோகுளோபின் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 11தான். இரும்புக் குளிசை தந்து, தேத்தண்ணியோடு சேர்த்து எடுக்க வேண்டாம், அது இரும்பை உடம்பில் சேர விடாது என்றார். எனக்கு விடிந்தால் தேத்தண்ணி வேண்டும், இருந்தும் இரண்டு மணித்தியாலம் தள்ளி வைத்தேன்.

ஆடியில் கொட்டுவது நன்றாகக் குறைந்தது. நெற்றியோரம் குட்டி முடிகள் நட்டுக்கொண்டு நிற்கின்றன. மாமிதான் முதலில் கண்டார். அடுத்த ஃபெரிட்டின் பரிசோதனை ஆவணியில்.