சாத்தானிசம் எனக்கு என்ன குடுத்துச்சு

சாத்தானிசம்னு சொன்ன உடனே நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வர்றது செய்வினை, ஆட்டுத்தல, நடுராத்திரி சுடுகாடு இதெல்லாம்தான். நான் கோலாலம்பூர் செந்தூல்ல பொறந்து வளந்தவன், இந்தப் பயம் எங்கேருந்து வருதுன்னு நல்லாவே தெரியும். ஆனா ரொம்ப வருஷமா இதப் படிச்சு, யோசிச்சு, கொஞ்சம் வாழ்ந்தும் பாத்துட்டேன், அதான் எழுதுறேன்.

1966 ஏப்ரல் 30 ராத்திரி சான் பிரான்சிஸ்கோவுல ஆன்டன் லாவேங்குற அமெரிக்கர் சர்ச் ஆஃப் சாத்தான்ங்குற அமைப்ப ஆரம்பிச்சாரு. அவரு எழுதுன சாத்தானிக் பைபிள்ங்குற புத்தகம் 1969ல வந்துச்சு. சாத்தான்னு ஒருத்தன் நெசமாவே எங்கயோ உக்காந்திருக்கான், அவனக் கும்புடணும்னு அதுல கெடையாது. அவங்களுக்கு சாமியும் இல்ல, பேயும் இல்ல. தலை குனிய மாட்டேன்னு நிமிந்து நிக்கிற மனுசனுக்கு சாத்தான் ஒரு அடையாளம், அவ்வளவுதான். மிருகத்த பலி குடுக்குறது வேண்டாம்னு லாவேயே எழுதியிருக்காரு, சின்னப் புள்ளைங்கள துன்புறுத்தாதேன்னு தனி விதியே இருக்கு. சாத்தான நெஜம்னு நம்பி வணங்குற குழுக்களும் உண்டு, ஆனா என் மனசு அந்தப் பக்கம் போகல.

என்னைய இழுத்தது பயத்தப் பத்தி அது கேக்குற கேள்வி. பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும், வெள்ளிக்கெழம நகம் வெட்டாத, வெளக்கு வச்சப்புறம் காசு குடுக்காத, இப்படியே கேட்டு வளர்ந்த ஒருத்தன் ஒரு நல்ல காரியம் பண்றப்ப அது அவனோட நல்ல மனசா, இல்ல கண்ணு போயிடுமேங்குற பயமான்னு அவனுக்கே எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி எனக்குள்ள ரொம்ப நாளா இருந்துச்சு, கேக்க தைரியம் குடுத்தது இந்தத் தத்துவம்தான்.

எங்க பாட்டி குவாலா சிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவங்க. லயத்துக்கு, அதாவது தோட்டத்து ஆளுங்க குடியிருந்த வரிசை வீடுகளுக்குப் பின்னாடி மரத்தடியில ஒரு முனியாண்டி இருந்தாரு, கோபுரம் கெடையாது, அய்யரு கெடையாது, ஒரு சூலம், ஒரு கல்லு, அதுக்கு முன்னாடி சுருட்டு, ஒரு கிளாஸ் சம்சு சாராயம், வருஷத்துக்கு ஒரு தடவ சேவல். பாட்டி அவருகிட்ட கும்புடுறத விட சண்ட போட்டதுதான் ஜாஸ்தி. "ஏன்டா முனியா, கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு, புள்ள மூணு நாளா காச்சல்ல கெடக்குது"ன்னு மொகத்துக்கு நேரா கேப்பாங்க. அப்புறம் ஒரு நாள் ஜெபக் கூட்டத்துக்காரங்க லயத்துக்கு வந்து, அது சாமி இல்ல, சாத்தான்னு சொல்லிட்டுப் போனாங்க. பாட்டி அன்னிக்கு சாப்பிடவே இல்ல.

யார சாத்தான்னு சொல்றதுங்குறது கதை சொல்றவன் கையிலதான் இருக்கு. ராவணன எடுத்துக்கோங்க, புலவர் குழந்தை 1946ல அவன நாயகனா வச்சு ராவண காவியம் எழுதுனாரு, 1948ல தடை பண்ணிட்டாங்க, 1971லதான் தடை நீங்குச்சு. நம்ம ஆளுங்களுக்கு இந்த மாதிரி யோசிக்கிறது ஒன்னும் புதுசு இல்ல.

வழிபாடுன்னு கேட்டா, லாவே சடங்க மனசுல அடைச்சுக் கெடக்குறத கொட்டித் தீக்குற எடமாத்தான் பாத்தாரு. அவங்களுக்கு பெரிய பண்டிகையே அவங்கவங்க பொறந்தநாள்தான். நானும் என் பொறந்தநாள் ராத்திரி கதவ சாத்திட்டு, ஃபேன நிறுத்திட்டு ஒரு மெழுகுவத்தி ஏத்துவேன். அந்த வருஷம் எனக்கு நடந்த அநியாயத்த தமிழ்ல வாய்விட்டு சொல்லுவேன், யாரு பண்ணுனா, நான் ஏன் வாய மூடிட்டு இருந்தேன், எல்லாமே. எழுதுன பேப்பர பழைய மைலோ டின்னுல போட்டு எரிப்பேன். மறுநாள் நெஞ்சு லேசா இருக்கும், இத அனுபவிச்சுப் பாத்துதான் சொல்றேன்.

ஆனா லாவே சொன்ன எல்லாத்தையும் நான் ஏத்துக்கல. பலமானவன் ஜெயிப்பான், பலவீனமானவன் ஒழியட்டும்னு சாத்தானிக் பைபிள்ல வர்ற பேச்சு எனக்கு ஆகாது. அதுல ஒரு பகுதியே 1896ல வந்த வேற ஒரு புத்தகத்துலேருந்து எடுத்தது. தோட்டத்துல முதுகொடிஞ்சு வேல செஞ்சவங்க பேரன் நான், அதப் படிச்சுட்டு கை தட்ட என்னால முடியாது. 2013ல ஆரம்பிச்ச சாத்தானிக் டெம்பிள்ங்குற இன்னொரு அமைப்பு பக்கம் என் மனசு சாயுறது இதனாலதான். அவங்களோட ஏழு கொள்கையில முதல்ல இருக்குறதே எல்லா உயிர்கிட்டயும் இரக்கம், அதுவும் அறிவோட. மூணாவது, என் உடம்பு மேல எனக்கு மட்டும்தான் உரிமை.

அந்த மூணாவதுக்கு அப்புறம் தைப்பூசத்த நான் பாக்குற விதமே மாறிடுச்சு. அண்ணன் பத்துமலைக்கு காவடி எடுக்குறாரு. யாரும் அவர மெரட்டல, அவரு உடம்பு, அவரு வேண்டுதல், 272 படியும் அவரு கால்ல ஏறுறாரு. எனக்கு முருகன் மேல நம்பிக்க இல்ல, ஆனா அண்ணன் மேல மரியாத ரொம்ப இருக்கு. "நீதான் சாமி இல்லங்குறியே, அப்புறம் ஏன்டா கூட வர்ற"ன்னு அம்மா கேட்டாங்க. அண்ணனுக்காகத்தான் வரேம்மான்னு சொன்னேன். சரி, அப்ப தண்ணி பாட்டில நீயே தூக்கிக்கன்னுட்டாங்க.