ஆட்டின் குறையைச் சொல்லத் தெரிய வேண்டும்: ஒஹையோவில் ஒரு கவுண்டி கண்காட்சித் தயாரிப்பு

முதல் ஆண்டு நடுவர் என் மகனிடம் கேட்டது எளிய கேள்வி. "உன் ஆட்டில் ஏதாவது ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவாய்?" ஆட்டின் வயிற்றில் உள்ள நான்கு அறைகளின் பெயர்களையும், சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள் என்பதையும், ஆட்டின் இயல்பான உடல் வெப்பத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவன் அவன். அன்று ஒரு நொடிகூட யோசிக்காமல், "எதையும் மாற்ற மாட்டேன், என் ஆடு நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டான். நடுவர் சிரித்துக்கொண்டே அடுத்த பிள்ளையிடம் போனார். ஒன்பது பேர் நின்ற வரிசையில் அவனுக்கு எட்டாம் இடம் கிடைத்தது.

ஒஹையோ மாநிலத்தின் நடுப்பகுதியில் ஐந்து ஏக்கர் நிலத்தோடு கூடிய பழைய வீடு ஒன்றில் நாங்கள் குடியேறிய மூன்றாம் ஆண்டு அது. மகனுக்கு 11 வயது, மகளுக்கு 9. இருவரும் ஃபோர்-எச் என்னும் சிறுவர் அமைப்பின் உள்ளூர்ச் சங்கத்தில் சேர்ந்து, ஜூலை மாதம் நடக்கும் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) கண்காட்சிக்கு ஆளுக்கொரு பால் ஆட்டைக் கொண்டுபோனார்கள். பார்வையாளர்களுக்கு அது ராட்டினமும் எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டமும் நிறைந்த திருவிழா. பிள்ளையின் கையில் ஆட்டைப் பிடித்துக் கொடுத்து உள்ளே அனுப்பும் பெற்றோருக்கோ எழுத்து, செய்முறை, வாய்மொழி மூன்றும் சேர்ந்த தேர்வு. நாங்கள் எழுதிய இரண்டு தேர்வுகளில் கற்றவற்றையும் கோட்டைவிட்டவற்றையும் அடுத்து வரும் குடும்பங்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எந்த விலங்கு என்பதை முடிவு செய்ய வேண்டும். அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசித்தான் செய்ய வேண்டும். இறைச்சிக்கென வளர்க்கும் ஆட்டையோ பன்றியையோ தேர்ந்தெடுத்தால், வார இறுதியில் ஏலம் இருக்கும். பல கண்காட்சிகளில் அந்த விலங்கு அங்கிருந்து வீட்டுக்குத் திரும்புவதில்லை. ஆறு மாதம் தன் கையால் தீனி வைத்த ஆட்டை ஏற்றி அனுப்பிவிட்டுக் கொட்டகைச் சுவரில் முகம் புதைத்து அழும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதிலும் கற்க வேண்டியது உண்டு என்று சொல்லும் விவசாயக் குடும்பங்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் பிள்ளைகள் அதற்குத் தயாராக இல்லை என்பதால் பால் ஆட்டை எடுத்தோம். மகனுக்கு நூபியன் இனத்தில் ஓராண்டு வயதுப் பெட்டை, மகளுக்கு நைஜீரியக் குள்ள இனத்தில் ஒரு குட்டி. தொங்கும் நீண்ட காதும் வளைந்த மூக்கும் கொண்ட நூபியனைப் பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்ததில் வியப்பில்லை; இங்கிலாந்தில் அந்த இனத்தை உருவாக்கக் கலந்த கிடாய்களில் நம் நாட்டு ஜமுனாபாரியும் உண்டு.

சேருவதற்கான நடைமுறைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஒஹையோவில் விலங்குத் திட்டங்களில் சேர ஜனவரி 1 அன்று பிள்ளைக்கு 8 வயது நிறைந்து, மூன்றாம் வகுப்பையும் எட்டியிருக்க வேண்டும். பதிவுக்கும், விலங்கு பிள்ளையின் பொறுப்பில் வந்ததைக் காட்டுவதற்கும் வசந்த காலத்திலேயே கெடு முடிந்துவிடும். உணவுக்கான விலங்கைக் காட்டும் பிள்ளைகள் உணவுப் பாதுகாப்பையும் விலங்குப் பராமரிப்பையும் சொல்லித்தரும் தரக்காப்புப் பயிற்சியையும் ஆண்டுதோறும் முடிக்க வேண்டும். உங்கள் கவுண்டியின் வேளாண் விரிவாக்க அலுவலகம் தரும் தேதிப் பட்டியலை அச்சிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். தேதி தவறியதற்குச் சலுகை கேட்டுப் பலன் பெற்றவர் எவரையும் நான் கண்டதில்லை.

எழுத்துப் பகுதி என்பது திட்டப் புத்தகமும் அதை வைத்து நடக்கும் நேர்காணலும். தீனிச் செலவு, மருந்து, எடை, பிள்ளை தானே செய்த வேலைகள் எல்லாவற்றையும் அதில் நாள்வாரியாகப் பதிய வேண்டும். எங்கள் வீட்டில் மகள் தினமும் இரவில் இரண்டு வரி எழுதினாள். மகன் ஜூன் கடைசியில் உட்கார்ந்து ஐந்து மாதக் கணக்கையும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதினான். நேர்காணல் செய்த பெரியவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மார்ச் மாதத்தில் எத்தனை மூட்டை தீவனம் வாங்கினாய்?" என்று மட்டும் கேட்டார். அவனால் சொல்ல முடியவில்லை. நான்கு எச் எழுத்துகளும் தலை, இதயம், கை, நலம் ஆகியவற்றைக் குறிக்கும் என்பதும், 1902இல் இதே ஒஹையோவின் கிளார்க் கவுண்டியில் ஏ. பி. கிரகாம் தொடங்கிய சிறுவர் விவசாயச் சங்கத்திலிருந்து இந்த இயக்கம் வளர்ந்தது என்பதும் தெரிந்திருந்தால் நல்லதுதான். ஆனால் மதிப்பெண் மூட்டைக் கணக்கில்தான் இருக்கிறது.

செய்முறைப் பகுதிக்கு ஸ்கில்லத்தான் என்று பெயர். மேசை மேசையாகப் போய், தீவன வகையை அடையாளம் காண்பது, கருவிகளுக்குப் பெயர் சொல்வது, ஆட்டின் உறுப்புகளைக் குறிப்பது, மருந்துப் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துக் கணக்குப் போடுவது என்று செய்துகாட்ட வேண்டும். நம் பிள்ளைகள் மனப்பாடத்தில் கெட்டி என்பதால் பெயர்களில் தடுமாற மாட்டார்கள். இடறும் இடம் மருந்துச் சீட்டு. இறைச்சிக்கான விலக்குக் காலம் (மருந்து கொடுத்தபின் ஆட்டை இறைச்சிக்கு அனுப்பாமல் காத்திருக்க வேண்டிய காலம்) 21 நாட்கள் என்று போட்டிருக்கிறது, ஜூலை 1 முதல் 3 வரை மூன்று நாள் ஊசி போட்டாயிற்று, என்றைக்கு அந்த ஆடு விலக்கிலிருந்து வெளிவரும் என்று கேட்டால், பாதிப் பிள்ளைகள் முதல் ஊசியிலிருந்து எண்ணுகிறார்கள். கடைசி ஊசியிலிருந்துதான் எண்ண வேண்டும். அதுவும் ஒரு நாள் என்பது முழுதாக 24 மணி நேரம். மூன்றாம் தேதி மாலை ஆறு மணிக்குப் போட்ட ஊசிக்கு இருபத்து நான்காம் தேதி மாலை ஆறு மணி வரை காத்திருக்க வேண்டும். காலி மருந்துப் பெட்டிகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, தினம் ஒரு சீட்டை எடுத்து இப்படிக் கணக்குப் போடச் சொன்னது எங்களுக்கு மிகவும் உதவியது.

பல் பார்த்து வயது சொல்லும் மேசைக்கு எங்களுக்குக் கிடைத்த ஆசிரியர் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அம்மா. வீடியோ அழைப்பில், "கண்ணு, ஒதட்டப் பிரிச்சுக் காட்டு" என்று பேரனிடம் சொல்லி, படம் ஆடினாலும் விடாமல் உற்றுப் பார்த்து, "நடுவுல ரெண்டு மட்டும் பெருசா இருக்கு பாரு, ரெண்டு பல்லு. ஒரு வருசம் தாண்டியாச்சு" என்றார். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்த்தாடையின் எட்டு முன்பற்களில், ஓராண்டு வாக்கில் நடுவில் ஒரு சோடி நிரந்தரப் பல் முளைத்து, பிறகு ஆண்டுக்கு ஒரு சோடியாகச் சேர்ந்து, நான்கு வயதில் எட்டும் நிறைகின்றன. கையேட்டில் அரைப் பக்கம் எடுத்துக்கொண்ட பாடத்தை ரெண்டு பல், நாலு பல் என்ற சந்தைக் கணக்காக அம்மாயியிடம் கேட்டுக்கொண்டபின் அவன் மறக்கவே இல்லை. ஊரில் ஆடு வளர்த்த பெரியவர்கள் இருக்கும் குடும்பங்கள் இந்த வசதியை வீணாக்க வேண்டாம்.

மூன்றாவது, நடுவர் வாய்மொழியாகக் கேள்வி கேட்கும் ஷோமேன்ஷிப். இது பிள்ளை ஆட்டைக் கையாளும் திறனுக்கான போட்டி. ஆட்டின் அழகுக்குத் தனிப் போட்டி உண்டு. அமெரிக்கப் பால் ஆட்டுச் சங்கத்தின் மதிப்பெண் அட்டைப்படி ஆடு பராமரிக்கப்பட்ட விதத்துக்கு 40, பிள்ளையின் தோற்றத்துக்கு 10, களத்தில் நடத்திக் காட்டுவதற்கு 50. வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் அணிந்து, கழுத்துப் பட்டையைப் பிடித்து, ஆட்டின் தலையை நிமிர்த்தி, வலஞ்சுழியாக நடத்திப்போக வேண்டும். நிற்கச் சொன்னதும் நான்கு கால்களையும் சரியாக ஊன்ற வைத்து, முதுகுக் கோட்டை நேராக்க வேண்டும். எந்த நேரத்திலும் ஆட்டுக்கும் நடுவருக்கும் குறுக்கே பிள்ளை நிற்கக் கூடாது. நடுவர் மறுபக்கம் நகர்ந்தால், ஆட்டின் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு இவனும் பக்கம் மாற வேண்டும். இதற்கு எங்கள் வீட்டில் என் கணவர்தான் நடுவர். கையில் காபிக் கோப்பையோடு வேலியோரம் முன்னும் பின்னுமாக அவர் நடக்க, பிள்ளைகள் பக்கம் மாறிப் பழகினார்கள். இரவு உணவுக்கு முன் பதினைந்து நிமிடம், ஏப்ரல் முதல் ஜூலை வரை; ஒரே நாளில் இரண்டு மணி நேரம் பழக்கினால் ஆடு படுத்துவிடும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். எங்கள் முதல் ஆண்டுத் தயாரிப்பில் பெரிய ஓட்டை அதுதான்: பிள்ளைக்கு ஆட்டைப் பற்றித் தெரியும், தன் ஆட்டைத் தெரியாது. இரண்டாம் ஆண்டு, அதே பால் ஆட்டுச் சங்கம் ஆட்டின் அமைப்பை மதிப்பிட வைத்திருக்கும் அட்டையை எடுத்தோம். ஈன்ற ஆட்டுக்குப் பொதுத் தோற்றம் 35, பால் தன்மை 20, உடல் கொள்ளளவு 10, மடி 35. ஈனாத இளம் ஆட்டுக்கு மடி இல்லாததால் முதல் மூன்றும் 55, 30, 15 என்று மாறும். வாரம் ஒருமுறை ஆட்டை நிற்க வைத்து, அட்டையின் வரிசையிலேயே நிறை ஒன்று, குறை ஒன்று என்று வாயால் சொல்ல வைத்தோம். முதல் இரண்டு வாரம் மகன் முறைத்தான். அது அவன் வைத்த பெயருக்குத் திரும்பிப் பார்க்கும் ஆடு. மூன்றாம் வாரம், கையை இடுப்பெலும்பின் மேல் வைத்து, "இங்கிருந்து வால் வரைக்கும் ரொம்பச் சரியுதும்மா, தட்டையா இருக்கணும்" என்று தானாகச் சொன்னான். அந்தப் பகுதி சரிந்திருந்தால் ஈனும்போதும் மடி அமைப்பிலும் ஏன் சிக்கல் வரலாம் என்பதையும் அதே வாரம் தேடிப் படித்தான்.

அந்த ஆண்டுக் களத்தில் நடுவர் ஆடுகளை மாற்றிக்கொள்ளச் சொன்னார். முன்பின் தெரியாத ஆட்டைப் பிள்ளை எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க அடிக்கடி செய்வது இது. பக்கத்துச் சிறுமியின் ஆல்பைன் இன ஆட்டைப் பிடித்து நிறுத்தியதும் அதன் குறையைக் கேட்டார். "பின்காலில் குளம்புக்கு மேலுள்ள கணு தளர்ந்திருக்கிறது, ஆனால் முதுகு என் ஆட்டைவிட நேராக இருக்கிறது" என்றான். மூன்றாம் இடம். முந்தைய ஆண்டு வேலிக்கு வெளியிலிருந்து கையைக் காலை ஆட்டிச் சைகை காட்டிய நான், இந்த முறை படிக்கட்டு இருக்கையின் கடைசி வரிசையில் இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெற்றோர் சைகை காட்டினால் பிள்ளையின் கண் நடுவரை விட்டுப் போய்விடும். அது நடுவருக்குத் தெரியாமல் இருக்காது.

சில சிறு குறிப்புகள். குளம்பைக் கடைசி நாளில் வெட்டாமல் ஒரு வாரம் முன்பே வெட்டுங்கள். சதையில் பட்டு நொண்டினால் ஆறுவதற்கு நாள் இருக்கும். முடி கத்தரிப்பதையும் அப்படியே செய்யுங்கள். நாங்கள் முந்தைய நாள் இரவு கத்தரித்து, ஆடு எலி கடித்த போர்வைபோல் களத்துக்குப் போனது. மைதானத்துக் குழாய்த் தண்ணீரின் வாடை பிடிக்காமல் ஆடுகள் குடிக்க மறுப்பதுண்டு. ஜூலை வெயிலில் அது ஆபத்து என்பதால் வீட்டுத் தண்ணீரைக் குடங்களில் கொண்டுபோய், முதல் இரண்டு நாள் கலந்து கொடுங்கள். கொடுத்த மருந்துகளை எழுதும் படிவத்தை நுழைவாயிலில் வைத்து நிரப்பாமல் வீட்டிலேயே நிரப்பிவிடுங்கள்.

திரும்பி வந்த ஆடுகளை நேராக மந்தையில் விடக் கூடாது. நூற்றுக்கணக்கான விலங்குகளோடு ஒரு வாரம் மூச்சைப் பகிர்ந்தவை அவை. குறைந்தது மூன்று வாரம் தனிப் பட்டியில் வைத்து, வாயில் புண் உண்டா, மூக்கு ஒழுகுகிறதா என்று பார்த்து, அவற்றுக்குக் கடைசியாகத் தீனி வைத்துவிட்டுக் கையையும் காலணியையும் கழுவ வேண்டும். அந்த மூன்று வாரமும் எங்கள் நூபியன் மற்ற ஆடுகளைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கும். மகன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் பட்டி ஓரத்தில் உட்கார்ந்து, அடுத்த ஆண்டுத் திட்டப் புத்தகத்தின் முதல் பக்கத்தை நிரப்புவான்.